இருபத்தைந்தாம் எண்ணின் கை

“நூத்தி ஐம்பத்தொம்போது கயித்தை விட்டுட்டார். மத்தவா யாரும் நகராதீங்கோ,” என்று ஹயக்ரீவன் மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலைத் திருப்பி வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்.

யாரும் நகரவில்லை. பட்டு நெசவாளர் சங்கத்தின் பின்புற மைதானத்தில் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய இருநூறு பேர் வெயிலில் நின்றார்கள். தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டும்போது கட்டுகிற கயிறு. தரையில் சுண்ணாம்புப் பொடியால் போட்ட கோடு வளைந்து, நெளிந்து, தன்மேலேயே திரும்பி ஓடியது. கோட்டின்மேல் கயிறும், கயிற்றோடு ஆட்களும் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நூற்று ஐம்பத்தொன்பதாம் எண்ணான பரசுராமன் மட்டும் வேப்பமரத்தடிக்குப் போய் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏன் போயிட்டார்?” என்று ஹயக்ரீவன் பக்கத்தில் நின்றவரைக் கேட்டார்.

“எதிருல யாரை நிக்க வெச்சிருக்கீங்க, பாருங்க சாமி.”

எதிரில் நின்றவர் இருபத்தைந்தாம் எண். பெயர் கோதண்டபாணி. பரசுராமனுக்கு அக்கா புருஷன். இருவரும் பேசிப் பதினோரு வருஷமாகியிருந்தது.

கோதண்டபாணி தென்னேரிக்காரர். பயிர் செய்யும் வீட்டில் மூன்றாவது பிள்ளை. நிலம் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் போதுமானதாக இருந்தது. பதினெட்டு வயதில் காஞ்சிபுரம் வந்து நூல் காய்ச்சும் கொட்டகையில் சேர்ந்தார். புழுவின் வாயிலிருந்து வருகிற பட்டு இழைமேல் ஒரு பசை ஒட்டியிருக்கும். பசை இருக்கும்வரை பட்டு துடைப்பக் குச்சி மாதிரி விறைப்பாக இருக்கும். சாயமும் சரியாக ஏறாது. சவுக்காரமும் சோடாவும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் நூலை விட்டுப் புரட்டிப் புரட்டி எடுத்தால் பசை போகும். புரட்டக் கோல் உண்டு. ஆனால் பசை போய்விட்டதா என்று கோலுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். கோதண்டபாணி இருபத்துமூன்று வருஷம் விரலைவிட்டுப் பார்த்தார்.

ரேஷன் கார்டு எழுத வந்தவர் அவருடைய கட்டைவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தார். நீள்வட்டமாக ஒரு கறுப்பு விழுந்தது. ரேகை இல்லை. மறுபடி வைத்தார். மறுபடியும் இல்லை. “இந்தக் கைக்கு ஆள் கிடையாது” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார். இடது கால் பெருவிரலில் ரேகை இருப்பதை மனைவி மணியம்மாள்தான் கண்டுபிடித்தாள். அன்றுமுதல் கோதண்டபாணி எதற்கும் கால் நாட்டுதான். அவர் நூல் வாங்க வரும்போதெல்லாம் சங்கத்து நோட்டைத் தரையில் விரித்து வைப்பார்கள். சரஸ்வதி கோபித்துக்கொள்ளக் கூடாதென்று கால் வைத்த பக்கத்தை அவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

குழம்பின் காரமும் உப்பும் விரலைத் தின்றன. ஆகவே சாப்பிட ஸ்பூன் வாங்கினார். அந்தத் தெருவில் ஸ்பூனால் சாப்பிட்ட ஒரே மனிதர் அவர். ‘ஸ்பூன் துரை’ என்று பெயர் வந்தது. பரசுராமனின் கல்யாணப் பந்தியில் இலை முன் உட்கார்ந்ததும் வேட்டி மடிப்பிலிருந்து ஸ்பூனை எடுத்தார். பெண்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். “என் வூட்டுச் சோத்தைக் கையால தொடமாட்டாராமா?” என்று மாப்பிள்ளைக் கோலத்திலேயே பரசுராமன் கேட்டார். கோதண்டபாணியின் வாயில் பாயசம் இருந்தது. அதோடு பேச்சு நின்றது.

போன மாதம் ஆஸ்பத்திரி டாக்டர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் ஒரு வருஷம் சோடாவில் விட்டால் விரல் மடங்காது என்றார்.

“வேற வேலை பாரேம்பா.”

“எனக்கு வேற வேலை தெரியாதுங்க.”

டாக்டர், தனக்கும் வேறு வேலை தெரியாது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தவர் மாதிரி ஜன்னலைப் பார்த்தார்.

ஹயக்ரீவன் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். ஒரு கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்ட்ரேட்டர். பப்பாளிக் காயைக் கீறினால் வடிகிற பாலில் ஒரு என்சைம் இருக்கிறது, அது கொதிக்காத தண்ணீரிலேயே பசையைத் தின்றுவிடும், பட்டைத் தொடாது என்று படித்திருந்தார். கோதண்டபாணியிடம் ஒரு சிட்டம் நூல் வாங்கிப் போனார். திருப்புட்குழியில் பப்பாளித் தோப்பு வைத்திருந்த ஆதிகேசவனிடம் பால் வாங்கினார். மனைவி வத்ஸலாவின் ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாலைக் கரைத்து நூலைப் போட்டார். இரண்டு மணி நேரத்தில் நூல் பூனைக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. வத்ஸலா மூன்று நாள் பேசவில்லை. அது ஊறுகாய்க்காக.

கோதண்டபாணி அந்த நூலைத் தொட்டுப் பார்த்தார். விரல் பொய் சொல்லவில்லை. சங்கத் தலைவர் கலியாணசுந்தரத்திடம் போய் நின்றார்.

அப்போது சங்கத்தில் இருந்த, பசை போகாத பச்சை நூல், வைகாசி உற்சவத்தில் பெருமாளுக்குச் சாத்தும் வஸ்திரத்துக்கானது. பெருமாள் பட்டை எப்போதும் செம்புக் கொப்பரையில்தான் இறக்குவார்கள். வியாழக்கிழமை கொப்பரையைப் புளி போட்டுப் பொன் மாதிரி தேய்த்து, மஞ்சள் கொத்துக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, பப்பாளிப் பாலைக் கலந்து, கற்பூரம் காட்டி நூலை இறக்கினார்கள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தார்கள். நூல் போனபடியே வந்தது. கற்பூர வாசனை மட்டும் இருந்தது.

கலியாணசுந்தரம் கோதண்டபாணியின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரோடு பேசினாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். பேசி முடிக்கும்வரை விடமாட்டார்.

“ஞாயித்துக்கெழமை மகாசபை. அங்க வந்து உன் அய்யரு, உள்ள இன்னா நடக்குதுன்னு காட்டட்டும். இன்னான்னே தெரியாத ஒண்ணுல பெருமாள் நூலைப் போடமுடியாது. காட்டலைன்னா திங்கட்கெழமை காலைல சோடா அடுப்பைப் பத்தவெக்கறோம். நீதான் எறக்கணும். வேற ஆளு கிடையாது.”

“சரிங்க,” என்றார் கோதண்டபாணி. கையை விட்டபிறகுதான் வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஹயக்ரீவன் கரும்பலகையில் படம் போட்டார். எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. “ஆளை நிக்கவெச்சுக் காட்டட்டுமா?” என்றார். எத்தனை ஆள் என்று கேட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு, அந்த என்சைம் அத்தனை கண்ணி கோத்த ஒரே சங்கிலி என்றார்.

சங்கத்தில் இருநூற்று நாற்பது அங்கத்தினர்கள். மகாசபையில் அங்கத்தினர் எண் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று விதி இருந்தது. அப்படியே நின்றார்கள். இறந்துபோனவர்களின் இடத்தில் வாரிசு நின்றார். வாரிசு வராத இடத்தில் கயிற்றின்மேல் ஒரு செங்கல் வைத்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களை உட்காரச் சொன்னதற்கு அவர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோயில் இட்லி அவர்களுக்கும் உண்டு என்று உறுதி சொன்னபிறகு உட்கார்ந்தார்கள்.

இருபத்தைந்தாம் எண் கோதண்டபாணிக்கும், நூற்று ஐம்பத்தொன்பது பரசுராமனுக்கும் அமைந்தது சங்கத்து நோட்டின் செயல். அறிவியலுக்கு இதில் பங்கில்லை.

பரசுராமனை மரத்தடியிலிருந்து அழைத்துவந்தது அவர் மனைவி லோகாம்பாள். அவள் பேரிலும் ஒரு தறி இருந்ததால் அவளும் அங்கத்தினர். எண் நூற்று எழுபத்தைந்து. கோட்டின்படி அவள் புருஷனுக்கு ஒட்டினாற்போல் நிற்க வேண்டியிருந்தது.

“அம்மா, உங்களுக்கு ஒரு வேலைதான். அவர் முழங்கையைப் பிடிச்சு, இருபத்தஞ்சைப் பார்த்தாப்ல திருப்பி வெச்சுக்கணும். திரும்ப விடக்கூடாது,” என்றார் ஹயக்ரீவன்.

“அது தெனம் செய்யறதுதான்,” என்றாள் லோகாம்பாள்.

இப்போது மைதானத்தில் இரண்டு கும்பல்கள் நின்றன. நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்குச் சந்து. சந்தின் இந்தப் பக்கம் கோதண்டபாணி, அந்தப் பக்கம் பரசுராமன். கயிற்றின் வழியாகப் போனால் இருவருக்கும் நடுவே நூற்று முப்பத்துமூன்று பேர். சந்தில் பார்த்தால் ஒரு முழம்.

“நான் தொண்ணூத்தி ஒண்ணு. எனக்கு இன்னா வேலை?” என்று கும்பலின் உள்ளிருந்து மாணிக்கவாசகம் கேட்டார்.

“நிக்கறதுதான் உங்க வேலை. நீங்கள்லாம் இப்படி மடங்கி நின்னாத்தான் அவா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல வருவா.”

“ரெண்டு பேரு பக்கத்துல நிக்கறதுக்கு இருநூறு பேரா?”

“கல்யாணத்துல இன்னா நடக்குதாம்?” என்றது கும்பலில் ஒரு குரல்.

“அப்ப கொதிக்கவெச்சா?” என்று கேட்டார் மாணிக்கவாசகம். அவர் கேட்கிற வழக்கமுள்ளவர்.

“கொதிக்கவெச்சா எல்லாரும் கயித்தை விட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் போயிடுவேள். ரெண்டு பேரும் அதே ரெண்டு பேர்தான். ஆனா ஒருத்தர் தெற்கு மாட வீதியில இருப்பார், ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுல இருப்பார். வேலை நடக்காது.”

பசையாக இருக்க, பழைய வேட்டிகளை முனைக்கு முனை முடிந்து நீளமாகக் கட்டியிருந்தார்கள். அதை ஆதிகேசவன் சந்துக்குள் இழுத்து வருவார். தண்ணீராக இருக்க, கூட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வந்த தாவீதையே வைத்தார்கள். அவர் தோளில் ஒரு கட்டுத் துண்டு. கோதண்டபாணியின் கையிலும் ஒரு துண்டு கொடுக்கப்பட்டது.

ஹயக்ரீவன் விளக்கினார். இருபத்தைந்தின் கையில் துண்டு இருக்கிறவரை அதனால் முடிச்சை அவிழ்க்க முடியாது. கை காலியாக வேண்டும். நூற்று ஐம்பத்தொன்பது துண்டை வாங்கிக்கொள்ளும். காலியான கை சும்மா இருக்காது. சந்துக்குள் வருகிற முடிச்சைப் பிடித்து அவிழ்க்கும். விடுபட்ட ஒரு முனையிடம் நூற்று ஐம்பத்தொன்பது அந்தத் துண்டைக் கொடுத்து அனுப்பிவிடும். மற்ற முனை இருபத்தைந்தின் கையோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் வந்து ஒரு துண்டை நூற்று ஐம்பத்தொன்பதிடம் கொடுத்துவிட்டு, ஒட்டிய முனையைக் கழற்றிக்கொண்டு போகும். நூற்று ஐம்பத்தொன்பது துண்டை இருபத்தைந்துக்கே திருப்பிக் கொடுக்கும். எல்லாம் பழையபடி. அடுத்த முடிச்சு.

“இவ்ளோதானா?” என்றார் மாணிக்கவாசகம்.

“இவ்வளவுதான்.”

பரசுராமன் துண்டை வாங்க மறுத்தார். வானத்தைப் பார்த்தார். லோகாம்பாள் முழங்கையைத் திருகினாள். அவர் பார்க்காமலேயே துண்டைப் பறித்தார். கோதண்டபாணி முடிச்சை அவிழ்த்தார். ஆதிகேசவன் ஒரு முனையோடும் துண்டோடும் வெளியே போனார். தாவீது வந்தார், கொடுத்தார், கழற்றினார், போனார். பரசுராமன் புதுத் துண்டை கோதண்டபாணியின் மார்பில் எறிந்தார்.

“ஒண்ணு,” என்று கூட்டம் சொன்னது.

மூன்றாவது முடிச்சு இறுகியிருந்தது. கோதண்டபாணிக்கு விரலில் நகம் பாதிதான் இருந்தது. நேரமாயிற்று. முகத்தைத் திருப்ப லோகாம்பாள் விடாததால் பரசுராமன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதாயிற்று. பதினோரு வருஷமாக அவர் அதைப் பக்கத்தில் பார்த்ததில்லை. விரல் நுனிகள் வேகவைத்துத் தோல் உரித்த கிழங்கு மாதிரி இருந்தன. முடிச்சு அவிழ்ந்தது. இந்தத் தடவை அவர் துண்டை எறியவில்லை. நான்காய் மடித்து கோதண்டபாணியின் உள்ளங்கையில் வைத்தார்.

பத்து முடிச்சுக்குப் பிறகு வேகம் பிடித்தது. துண்டு போயிற்று, வந்தது. வேட்டிகள் இரண்டு இரண்டாகப் பிரிந்து மைதானத்தில் குவிந்தன. இருநூறு பேரும் அசையாமல் நின்று எண்ணினார்கள். இருபது. இருபத்தைந்து. முப்பத்தொன்று. தாவீது ஓட ஆரம்பித்தார். அந்த மகாசபையில் ஒரு வேலை நடந்தது அதுவே முதல் தடவை என்று பின்னால் சொன்னார்கள்.

அப்போது கலியாணசுந்தரம் வந்தார். கோயிலில் சேவித்துவிட்டு நேராக வருகிறார். நெற்றியில் மஞ்சள் காப்பு. பின்னால் இரண்டு பேர், மறுநாள் சோடா அடுப்புக்காகப் புளி போட்டுத் தேய்த்த செம்புக் கொப்பரையைத் தூக்கிவந்தார்கள். கூட்டம் இரண்டாகப் பிரிந்து தனக்கு வழி விட்டிருப்பதாக நினைத்து அவர் சந்துக்குள் நுழைந்தார். கோதண்டபாணியின் கையில் அப்போது துண்டு இல்லை. காலியாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

“கோதண்டபாணி, நம்ம சங்கம் ஆயிரத்துத் தொளாயிரத்து நாப்பத்திரெண்டுல ஆரம்பிக்கறப்ப,” என்று தொடங்கினார்.

எல்லாம் நின்றது. ஆதிகேசவன் முப்பத்திரண்டாவது முடிச்சை நீட்டிக்கொண்டே நின்றார். பரசுராமன் துண்டோடு நின்றார். தாவீது மூச்சு வாங்கினார். இருநூறு பேர் தங்கள் தங்கள் இடத்தில் சரியாகத்தான் நின்றார்கள். ஒருவரும் கயிற்றை விடவில்லை. ஒரு கை பிடிபட்டிருந்தது. அவ்வளவுதான்.

ஹயக்ரீவன் கேட்டுக்கொண்டிருந்தார். தலைவர் நாற்பத்தெட்டுக்கு வந்திருந்தார். கை விடப்படவில்லை. ஹயக்ரீவன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கொப்பரையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். புனல் கீழே விழுந்தது.

“இருபத்தஞ்சுல இருக்கறது கந்தகம்,” என்றார்.

“யாரு?” என்றார் கலியாணசுந்தரம்.

“பப்பாளிப் பால்ல. இருபத்தஞ்சாவது இடத்துல. கந்தகத்தைச் செம்பு பிடிச்சா விடாது. நீங்க புளி போட்டுத் தேய்ச்சதுல செம்பு தண்ணியில இறங்கியிருக்கு. அது போய்க் கையைப் பிடிச்சுண்டுடுத்து. என் ஆத்துல ஜாடி. ஜாடிக்குக் கையைப் பிடிக்கத் தெரியாது.” கீழே விழுந்த புனலை எடுத்துக்கொண்டார். “இத்தனை தேய்க்காம இருந்திருந்தாகூட ஏதோ கொஞ்சம் நடந்திருக்கும்.”

“பெருமாள் நூலு. தேய்க்காம எப்படி?”

“மண்பானையில போடலாம்.”

“பெருமாள் நூலை மண்ணுலயா?”

“மடப்பள்ளியில அவருக்குப் பொங்கறது எதுலயாம்?” என்றாள் லோகாம்பாள், முழங்கையை விடாமல். “புதுப்பானை வாங்கினாப் போச்சு. அவரு சாப்படறது மண்ணுல, உடுத்தறது மட்டும் செம்புல எறங்கணுமா?”

பதில் தெரியாதபோது கலியாணசுந்தரம் ஓட்டுக்கு விடுவார்.

“சபை சொல்லட்டும். நாளைக்கு மண்பானையா, சோடாவா. மண்பானைன்னு சொல்றவங்க கை தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. கயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்தாலும் இட்லி கிடையாது என்று ஹயக்ரீவன் காலையில் சொல்லியிருந்தார். உட்கார்ந்திருந்த இருபத்தெட்டு பேரும் இட்லிக் கூடை வந்துவிட்டதென்று வாசலுக்குப் போயிருந்தார்கள். கோதண்டபாணி தரையைப் பார்த்தார். அவருக்கு ஒரு கைதான் கயிற்றில் இருந்தது. மற்ற கை தலைவரிடம் இருந்தது.

“இன்னாய்யா, கை தூக்கத் தெரியாதா உங்களுக்கு? இப்படித் தூக்குங்க,” என்று கலியாணசுந்தரம் தூக்கிக் காட்டினார். பிடித்திருந்த கையும் கூடவே மேலே போயிற்று.

“ஒண்ணு,” என்று கூட்டம் சொன்னது. எண்ணிப் பழகியிருந்தார்கள்.

“எதிர்க்கறவங்க?”

கயிறு எல்லோர் கையிலும் இருந்தது.

தலைவர் மேலே இருந்த கைகளை அண்ணாந்து பார்த்தார். விதி விதிதான். “ஆதரவு ஒண்ணு. எதிர்ப்பு இல்லை. நெறைவேறிச்சு,” என்றார், யாரோ தனக்குச் சொன்ன செய்தியைப் போல.

“கையை வுடுங்க தலைவரே, மீதி முடிச்சு இருக்குது,” என்றாள் லோகாம்பாள்.

மீதி முடிச்சுகளையும் அவிழ்த்து முடித்தபிறகு இட்லி கொடுக்கப்பட்டது. செங்கற்களின் பங்கு யாருக்கு என்பதில் சிறு தகராறு வந்து, செங்கற்களை எடுத்துவைத்தவர்களுக்கே என்று தீர்ந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. ஆறு மணிக்குக் கொட்டகையைத் திறந்தார்கள். சோடா அடுப்பைப் பற்றவைக்கவில்லை. இரண்டு புது மண்பானைகள் வந்திருந்தன. ஒன்றில் கீறல் இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். மற்றதில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பப்பாளிப் பாலைக் கரைத்தார்கள். கோதண்டபாணி மூங்கில் கோலால் நூலை இறக்கி, கோலாலேயே புரட்டினார். பப்பாளிப் பாலும் தோலைத் தின்னும், கையை விடவேண்டாம் என்று ஹயக்ரீவன் சொல்லியிருந்தார். இரண்டேகால் மணி நேரமாயிற்று. நூலை வெளியே எடுத்து மூன்று தண்ணீரில் அலசியபிறகு விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பசை இல்லை. காயவைத்து நிறுத்தபோது நாலில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தது. குறையவேண்டியது அவ்வளவுதான்.

கொப்பரையைக் கவிழ்த்து அதன்மேல் ஆதிகேசவன் உட்கார்ந்திருந்தார்.

பத்து மணிக்குப் பரசுராமன் தன் பங்குப் பாவு நூலுக்காக வந்தார். கோதண்டபாணியிடம் பேசவில்லை. அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடித்து, திரும்ப அதே தோளில் போட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் நூலைச் சாயத்துக்கு அனுப்பினார்கள். நோட்டைத் தரையில் விரித்தார்கள். கோதண்டபாணி கால் நாட்டு வைத்துவிட்டு, பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாப்பிட வீட்டுக்குப் போனார்.